மனைவி பெயரில் ஒரு கேள்விக்குறி

நான் ஒரு சந்தேகப் பிராணி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கடையில் பால் வாங்கினால் முன்வரிசைப் பெட்டியை எடுக்கமாட்டேன். பின்னால் கையை விட்டுத்தான் எடுப்பேன். தபால்காரர் சிரித்தால் எதற்குச் சிரிக்கிறார் என்று அரை நாள் யோசிப்பேன். யாழ்ப்பாணத்தில் முன்னூற்றிநாலு விளையாடி வளர்ந்தவன் வேறு. துரும்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல் ஆடுகிற சீட்டாட்டம் அது. அதில் பழகியவனுக்கு மேசைமேல் எது கவிழ்ந்து கிடந்தாலும் உறுத்தும்.

எண்பதுகளின் கடைசியில் டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோ நகரில் இரண்டு அறை வீடொன்றில் நானும் ஓர் அண்ணையும் குடியிருந்தோம். அண்ணை என்றால் கூடப் பிறந்தவர் அல்ல. அகதி முகாமில் பழக்கமானவர், என்னைவிட நன்றாக மூத்தவர். யாழ்ப்பாணத்தில் பிறந்து, திருகோணமலையில் கலியாணம் செய்து, அங்கேயே வேரூன்றியவர். இருவருக்கும் வதிவிட அனுமதி கிடைத்திருந்தது. அனுமதி கிடைத்தவன் மனைவி பிள்ளைகளைக் கூப்பிடலாம் என்று இந்த நாட்டுச் சட்டம் சொன்னது. நான் மனைவியைக் கூப்பிட விண்ணப்பித்தேன். கலியாணம் முடித்த புதிதிலேயே விட்டுவிட்டு வந்தவன் நான். அண்ணை மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் விண்ணப்பித்தார். பிறகு இருவரும் தபால் பெட்டியைப் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

பதில் வரவேயில்லை. மறுத்தாலும் பரவாயில்லை, சண்டை பிடிக்கலாம். மறுப்பும் இல்லை. எங்களுக்கு முன்னால் விண்ணப்பித்த சிலருடைய குடும்பங்கள் மளமளவென்று வந்து இறங்கியிருந்தன. வைலே என்ற ஊரில் ஒருவருடைய மனைவி வந்து, கர்ப்பமாகி, பிள்ளையும் பெற்றுவிட்டாள். எங்களுக்கு மட்டும் கிணற்றில் கல்லைப் போட்ட மாதிரி.

டென்மார்க் முழுக்க இருந்த தமிழர் எல்லாரிடமும் இதற்கு ஒரு காரணம் இருந்தது; ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு காரணம். இஷொய்யில் இருந்த ஒருவர், தான் விளக்கில்லாத சைக்கிளில் போய்ப் பொலிஸிடம் அகப்பட்டதுதான் காரணம் என்று ரெலிபோனில் அழாக்குறையாகச் சொன்னார். இன்னொருவர், மொழிப் பாடசாலைக்கு ஒழுங்காகப் போகாததால் ஆசிரியை எழுதிப் போட்டிருப்பாள் என்றார். யாரும் எல்லாருக்கும் ஒரே காரணம் இருக்கலாம் என்று நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை. ஆமிக்காரன் அடையாள அட்டையை வாங்கி, எழுத்து எழுத்தாகப் பார்த்து, எங்கே பிழை பிடிக்கலாம் என்று தேடுகிற நாட்டில் இருந்து வந்தவர்கள் நாங்கள். எங்களில் ஒரு பிழை இருக்கத்தான் வேண்டும் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை.

நான் என்னைத் தவிர எல்லாரையும் சந்தேகித்தேன். கலியாணப் பதிவை மொழிபெயர்த்தவரை, விண்ணப்பத்தை வாங்கி வைத்த பெண்ணை, ஏன், அந்தப் பொலிஸ் நிலைய வாசலில் நின்ற பூச்செடியைக்கூட. அண்ணை நேர்மாறு. அவர் உலகத்தில் சந்தேகித்தது ஒரே ஓர் ஆளை, அது தன்னை.

"என்ர பிழைதான் தம்பி," என்பார், கிழங்கு உரித்துக்கொண்டே. "மூத்தவன் பிறந்த நாள் மூண்டாம் திகதி. பதியப் போன இடத்தில அந்த மனுசன் எட்டு எண்டு எழுதிப் போட்டான். நாங்கள் வீட்டில மூண்டாம் திகதிதானே கொண்டாடுறது? கை பழக்கத்தில இஞ்சையும் மூண்டு எண்டு எழுதிப் போட்டன். பதிவில எட்டு. ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பார்த்தவன், இவன் கள்ளன், பிள்ளை இவன்ர இல்லை எண்டு ஒதுக்கி வைச்சிட்டான்."

"ஒரு இலக்கத்துக்கோ அண்ணை?"

"ஒரு இலக்கம் காணாதோ?"

போதும் என்றுதான் எனக்கும் பட்டது. மாதமும் வருடமும் சரியாக இருந்தன. அந்த ஓர் இலக்கம் மட்டும்தான். திருத்தி எழுதி அனுப்பியிருந்தார். அதற்கும் பதில் இல்லை. திருத்தியதால் சந்தேகம் கூடிவிட்டது என்று அதற்கும் கவலைப்பட்டார்.

என் மனைவி அப்போது கொழும்பில், வெள்ளவத்தையில், உறவினர் வீட்டு அறையொன்றில் இருந்தாள். மாதத்தில் ஒருமுறையோ இருமுறையோ கதைப்போம். அவளுக்கும் ஒரு காரணம் இருந்தது.

"இஞ்சேருங்கோ, மற்ற ஆக்கள் எல்லாம் போயினம். நீங்கள் உண்மையாவே எழுதிப் போட்டனீங்களோ?"

"போட்டனான். ஆயிரம் தரம் சொல்லிப் போட்டன்."

"அங்க ஆரும் வெள்ளைக்காரி கிள்ளைக்காரி..."

"நீர் விசரே? எனக்கு இஞ்ச பாண் வாங்கவே பாஷை தெரியாது."

"பாஷை தெரியாமலும் நடக்கும்."

சந்தேகப்படுவது என் வேலை என்று நினைத்திருந்தேன். அவளும் அந்த வேலைக்கு வந்துவிட்டாள். ஒவ்வொரு அழைப்பிலும் அவள் குரல் கொஞ்சம் கொஞ்சமாக ஆறிக்கொண்டு போனது. இன்னும் ஒரு வருடம் இப்படியே போனால் அவள் வருவதற்கு அனுமதி கிடைத்தாலும் வருவதற்கு மனம் இருக்காது என்று பயந்தேன். அந்தப் பயம்தான் என்னை மாலை வகுப்புக்குத் துரத்தியது. வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும்.

ஊரில் இருந்த தொழில்நுட்பப் பாடசாலையில் வகுப்பு. கொம்பியூட்டர் வகுப்பை அந்நாளில் டேனிஷ்காரர் மூன்று எழுத்தில் 'ஈ-டே-பே' என்று சொல்வார்கள். ஆசிரியை ஒரு நெட்டையான பெண். பாடத்தின் நடுவில் பைக்குள் இருந்து பச்சைக் கரட்டை எடுத்துக் கடித்துக்கொண்டு நடப்பார். கறுப்புத் திரை, பச்சை எழுத்து. எலி கிலி ஒன்றும் கிடையாது. கட்டளையை எழுத்துப் பிசகாமல் தட்டவேண்டும். பிசகினால் இயந்திரம் தெரியாது என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கும். அந்தக் கறார் எனக்குப் பிடித்திருந்தது. அது சிரிக்காது, அதனால் ஏன் சிரிக்கிறது என்று யோசிக்கத் தேவையில்லை.

ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு பாதை உண்டு என்று படிப்பித்தார். முதலில் எந்தத் தட்டு, பிறகு எந்த அறை, அறைக்குள் எந்த அறை, கடைசியில் பெயர், நடுவில் சாய்கோடு. நாங்கள் விலாசம் எழுதினால் ஆளில் தொடங்கி நாட்டில் முடிப்போம். இது நாட்டில் தொடங்கி ஆளில் வந்து நின்றது. பெயருக்கு எட்டு எழுத்துத்தான் இடம். எங்கள் பெயர்களுக்கு எட்டு எழுத்து எந்த மூலைக்கு? என் பெயரில் பாதியிலேயே கதவு சாத்திவிட்டது. பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளி, புள்ளிக்குப் பின்னால் மூன்று எழுத்து. அந்த மூன்றைப் பார்த்தால் அது கடிதம் மாதிரி சும்மா கிடக்கும் கோப்பா, இல்லை புரோகிராமா, ஓடி வேலை செய்யுமா என்று தெரிந்துவிடும். கிடப்பவை, ஓடுபவை என்று என் கொப்பியில் தமிழில் எழுதிக்கொண்டேன்.

பிறகு ஒரு நாள் ஆசிரியை பலகையில் இரண்டு குறிகளை வரைந்தார். ஒன்று கேள்விக்குறி. மற்றது நட்சத்திரம். இவை ஜோக்கர் குறிகள் என்றார்.

எனக்கு உடனே முகம் சுண்டிவிட்டது. முன்னூற்றிநாலில் ஜோக்கருக்கு இடம் கிடையாது. சீட்டுக்கட்டுப் பெட்டிக்குள்ளேயே கிடப்பான். எவனுக்குப் பதிலாகவும் வந்து நிற்கக்கூடியவனை எப்படி நம்புவது?

ஆனால் கேள்விக்குறி எனக்கு விரைவில் பிடித்துப்போனது. அது அடக்கமானது. ஒரே ஓர் எழுத்துக்குப் பதிலாக மட்டும் நிற்கும். பெயரில் ஓர் எழுத்து மறந்துபோனால் அந்த இடத்தில் கேள்விக்குறியைப் போடு, இயந்திரம் பொருந்துகிற எல்லாவற்றையும் கொண்டுவந்து காட்டும். நட்சத்திரம் அப்படியல்ல. ஓர் எழுத்தோ, ஒன்பது எழுத்தோ, ஒன்றுமே இல்லையோ, அதற்குக் கவலையில்லை. புள்ளிக்கு முன்னால் ஒரு நட்சத்திரம், பின்னால் புரோகிராம்களுக்கான மூன்று எழுத்து என்று போட்டால் அந்த அறையில் உள்ள புரோகிராம் அத்தனையும் வரிசையில் வந்து நிற்கும். புள்ளிக்கு இரண்டு பக்கமும் நட்சத்திரம் போட்டால் ஒன்றும் மிச்சமில்லை, அறையே வந்துவிடும்.

அன்றைக்கு ஒரு பயிற்சித் தட்டில் ஏதேதோ கடிதங்களைத் தட்டி வைத்திருந்தோம். அழிக்கும் கட்டளையைப் போட்டு, இரண்டு நட்சத்திரம் போடச் சொன்னார். போட்டேன். இயந்திரம் முதன்முறையாக என்னிடம் ஒரு கேள்வி கேட்டது: "ஏர் டு ஸிக்கர்?" உனக்கு நிச்சயமா? பக்கத்தில் அடைப்புக்குள் யா, நை இரண்டின் முதல் எழுத்தும். யா என்றால் ஓம், நை என்றால் இல்லை. எங்கள் காதுக்கு அது நாய் என்றுதான் விழும், அதனாலேயே மறக்கமுடியாத சொல்.

நான் ஒன்றையும் தட்டவில்லை. மற்றவர்கள் எல்லாரும் யா தட்டி, திரையைத் துடைத்துவிட்டு, கோட்டை மாட்டத் தொடங்கிவிட்டார்கள். ஆசிரியை என் பின்னால் வந்து நின்றார்.

"ஏன் நிற்கிறாய்?"

"எதை எதை அழிக்கப்போகிறது என்று முதலில் எனக்குக் காட்டட்டும்," என்றேன், எனக்குத் தெரிந்த டேனிஷில்.

அவர் கரட்டை மென்றுகொண்டே தலையாட்டினார். "சரியான ஆள். இந்த வகுப்பில் நீ ஒருவன்தான் பயப்பட்டிருக்கிறாய். நட்சத்திரம் போட்டால் இயந்திரம் பெயர்களை வாசித்துப் பார்க்காது. வாசிக்கவேண்டிய தேவையே அதற்கு இல்லை. அதனால் நீதான் முதலில் வாசிக்கவேண்டும்."

பாராட்டு என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வழியெல்லாம் ஊர்ச் சுற்றிவளைப்புத்தான் ஞாபகம் வந்தது. ஆமிக்காரர் ஊரை வளைத்து, எல்லாரையும் கோவில் வீதிக்கு வரச் சொல்லுவார்கள். அது நட்சத்திரம். பிறகு காட்டிக்கொடுப்பதற்கென்று, சாக்கால் முகத்தை மூடிய தலையாட்டி ஒருவனைக் கொண்டுவந்து இருத்தி, எங்களை ஒவ்வொருவராக நடக்க விடுவார்கள். அவன் யாரைக் கண்டு தலையை ஆட்டுவான் என்று தெரியாது; ஆட்டினால் அந்த ஆளைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். அது கேள்விக்குறி. டென்மார்க் நாகரிகமான நாடு, இங்கே நட்சத்திரம் போடமாட்டார்கள், இங்கே நடப்பது கேள்விக்குறிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அண்ணைக்கு ஓர் இலக்கம் என்றால் எனக்கு எந்த எழுத்து?

யோசிக்க யோசிக்க வெளிச்சம் வந்தது. மனைவியின் பெயர்! அவளுடைய பெயரில் நடுவில் ஒரு 'த' வருகிறது. கொழும்பில் கடவுச்சீட்டுக்கு அதை ஒரு விதமாக எழுதியிருந்தார்கள். கலியாணப் பதிவை மொழிபெயர்த்தவர் வேறு விதமாக எழுதினார். நான் விண்ணப்பத்தில் மூன்றாவது விதமாக எழுதினேன். எங்களுக்கு எல்லாம் ஒரே பெயர். ஆங்கில எழுத்துக்கு மூன்று பெண்கள். போதாததற்கு அவளுடைய கடைசிப் பெயர் கடவுச்சீட்டில் அவளுடைய தகப்பன் பெயர், கலியாணத்துக்குப் பிறகு என் பெயர். கோபன்ஹேகனில் யாரோ ஒருவர் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்துகொண்டு, பெயரைத் தட்டித் தட்டிப் பார்த்து, அப்படி ஒருவரும் இல்லை என்று கையை விரித்துக்கொண்டிருக்கிறார். இதுதான் விஷயம்!

கையோடு பாடசாலைக் கொம்பியூட்டரில் ஒரு நினைவூட்டல் கடிதம் தட்டினேன். மனைவி பெயர் வந்த இடத்தில், சந்தேகமான எழுத்துக்குப் பதிலாக ஒரு கேள்விக்குறி. கடைசிப் பெயருக்குப் பதிலாக ஒரு நட்சத்திரம். எப்படித் தேடினாலும் இனி அகப்பட்டுத்தான் ஆகவேண்டும். என் மூளையை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது. அண்ணைக்குக் காட்டினேன்.

"இது அவங்களுக்கு விளங்குமோ?" என்றார்.

"அண்ணை, கொம்பியூட்டர் வைச்சிருக்கிறவனுக்கு விளங்கும்."

அதற்குப் பதில் வந்தது. முதன்முறையாக ஒரு பதில்! உள்ளூர்ப் பொலிஸ் நிலையத்துக்கு வரச் சொல்லி. அந்நாளில் வெளிநாட்டவர் அலுவல்களைப் பொலிஸில்தான் போய்க் கதைக்கவேண்டும். சேர்ட்டை இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன். வெள்ளைப் புருவம் வைத்த ஒரு பெரியவர் எதிரில் இருந்தார். மேசையில் என் கடிதம். கேள்விக்குறியைச் சுற்றி யாரோ சிவப்பில் வட்டம் போட்டிருந்தார்கள்.

"இவர் உன் மனைவியா?"

"ஓம்." பதற்றத்தில் டேனிஷ் மறந்து தமிழ் வந்துவிட்டது. "யா, யா."

"மனைவியின் பெயர் உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிந்தால் பெயருக்கு நடுவில் ஏன் கேள்வி கேட்டிருக்கிறாய்?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கள்ளக் கலியாணம் கட்டிக்கொண்டு ஆட்களைக் கூப்பிடுகிறார்கள் என்று பத்திரிகைகளில் எழுதிக்கொண்டிருந்த காலம். மனைவியின் பெயரே சரியாகத் தெரியாத ஒரு கணவன், அதை எழுத்திலேயே எழுதிக் கையொப்பமும் வைத்துக் கொடுத்திருக்கிறான். நான் மளமளவென்று விளக்கத் தொடங்கினேன். கேள்விக்குறி என்றால் ஓர் எழுத்து, நட்சத்திரம் என்றால் எத்தனையும், ஜோக்கர், சீட்டாட்டம், தட்டு, பாதை. சீட்டாட்டத்தைச் சொல்லியிருக்கக்கூடாது. அவர் புருவத்தை உயர்த்திக்கொண்டு, அறையின் மூலையைக் காட்டினார். அங்கே இழுப்பறைகள் வைத்த ஒரு மர அலுமாரி. அட்டைகளை விரலால் தள்ளித்தான் தேடுவார்களாம். மேசையில் தட்டச்சுப் பொறி ஒன்று. கொம்பியூட்டர் என்று ஒரு சாமான் அந்த அறையில் இல்லை.

கடைசியில் அவர் பேனையை மூடினார். எரிச்சல் இல்லாமல்தான் சொன்னார்: "உன் மனைவியின் வழக்கு தொலையவில்லை. ஒருவரும் அதைத் தேடவும் இல்லை. அது கோபன்ஹேகனில் லிகர்."

லிகர் என்றால் கிடக்கிறது. மொழிப் பாடசாலையில் இதற்காக எங்கள் உயிரை எடுத்திருந்தார்கள். டேனிஷில் ஒரு பொருள் இருக்கிறது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லமுடியாது. நிற்கிறதா, கிடக்கிறதா, தொங்குகிறதா என்று பார்த்துச் சொல்லவேண்டும். அலுமாரியில் புத்தகம் நிற்கும். மேசையில் கத்தி கிடக்கும். நோயாளி கட்டிலில் கிடப்பான். நான் சைக்கிளில் வீடு வரும் வழியெல்லாம் அந்த ஒரு சொல்லைச் சந்தேகித்தேன். ஏன் கிடக்கிறது? கோப்பு என்றால் தட்டில் நிற்கவேண்டாமா? கிடக்கிறது என்றால் யாரோ எடுத்துக் கீழே வைத்திருக்கிறார்கள். எடுத்து வைத்தவர் யார்? ஆற்றுப் பாலத்தில் மேற்குக் காற்று முகத்தில் அறைந்தது. சைக்கிளை விட்டிறங்கி உருட்டினேன்.

ஆனால் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அந்தச் சந்தேகம் கையை விட்டுப் போய்விட்டது. சிவப்பு வட்டம்தான் கண்ணுக்குள் நின்றது. நானே என் மனைவிக்குக் கேள்விக்குறி போட்டுக் கொடுத்துவிட்டேன். அடுத்த முறை ரெலிபோன் எடுத்தபோது வேறு வழியில்லாமல் அவளிடம் சொன்னேன்.

"என்ர பேர் உங்களுக்கு மறந்து போச்சோ?"

"இல்லையப்பா. அது கொம்பியூட்டர் விஷயம்."

"தாலி கட்டினவருக்கு என்ர பேரில கேள்வி. நல்லது. வையுங்கோ."

அண்ணை மட்டும் என்னைத் திட்டவில்லை. கிழங்குக் கறியைக் கிண்ணத்தில் போட்டு என் முன்னால் தள்ளிவிட்டு, "உனக்கு எழுத்து, எனக்கு இலக்கம்," என்றார். "ஆளுக்கொரு பிழை விட்டிட்டம். சாப்பிடு."

எண்பத்தொன்பதில் திடீரென்று தபால் பெட்டிகள் திறந்துகொண்டன. ஏன் என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. கிடந்தவை எழுந்து நின்றுவிட்டன, அவ்வளவுதான். என் மனைவிக்கு அனுமதி வந்தது. அண்ணையின் மனைவிக்கும் மகளுக்கும் வந்தது. மகனுக்கு வரவில்லை. காத்திருந்த காலத்தில் அவன் பதினெட்டைத் தாண்டியிருந்தான். பதினெட்டைத் தாண்டினால் சட்டப்படி பிள்ளை இல்லை, வளர்ந்த ஆள்.

அண்ணை அந்தத் தாளைப் பலதரம் வாசித்தார். பிறகு மடித்து வைத்துவிட்டு ஒரே ஒரு வசனம் சொன்னார். "மூண்டை எட்டெண்டு எழுதியிருந்தால் நேரத்துக்கு முடிஞ்சிருக்கும்."

என் மனைவி கோபன்ஹேகனில் வந்து இறங்கினாள். நான் வெளியே காத்து நின்றேன். எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள், அவளைக் காணவில்லை. உள்ளே கடவுச்சீட்டுப் பார்ப்பவர் கணவனின் பெயர் என்ன என்று கேட்டிருக்கிறார். எங்கள் வீட்டுப் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்லும் வழக்கமில்லை. இஞ்சேருங்கோ, அவர், எங்கட ஆள் என்றே காலத்தை ஓட்டிவிடுவார்கள். அவளும் அப்படித்தான் நின்றிருக்கிறாள். பெயரில் கேள்விக்குறி போட்ட கணவன், பெயரே சொல்லாத மனைவி. அந்த மனிதர் என்ன நினைத்திருப்பார் என்று என்னால் நினைத்துப் பார்க்கமுடிகிறது. கடைசியில் அவள் கண்ணை மூடிக்கொண்டு என் பெயரை முழுதாக, தகப்பன் பெயரோடு, ஆங்கில எழுத்து ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்கிறாள். ஓர் எழுத்தும் பிழைக்கவில்லையாம். ரயிலில் வரும்போது பெருமையாகச் சொன்னாள்.

"எனக்கு ஒருக்காச் சொல்லிக் காட்டும்," என்றேன்.

"அவனுக்குச் சொன்னது காணும்."

அண்ணையின் மனைவியும் மகளும் வந்தார்கள். நான் அதே ஊரில் வேறு வீடு பார்த்துக்கொண்டு போனேன். மகன் திருகோணமலையில் மாமன் வீட்டில் நின்றான். அவனை வேறு வழியில் எடுப்பதற்கு அண்ணை ஓடித் திரிந்தார். அடுத்த வருடம் அங்கே மறுபடியும் சண்டை தொடங்கியது. ஒரு சுற்றிவளைப்பில், வீதியில் இருந்த ஆண்கள் எல்லாரையும் மைதானத்துக்கு வரச் சொன்னார்கள். அவனும் போனான். போனவர்களில் கொஞ்சப் பேர் திரும்பி வந்தார்கள். அவன் வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

அதற்குப் பிறகு அண்ணை குறைவாகத்தான் கதைத்தார். கதைத்தால் அந்த இலக்கத்தைப் பற்றி. அவர் சொல்வது சரியாக இருக்கலாம் என்றுதான் என் மனதுக்குள்ளும் இருந்தது. அந்த ஒரு பொல்லாத மூன்று.

அந்த வருடங்களில் டேனிஷ்காரர் எங்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். விசாரணை நடந்தது. பெரிய பெரிய ஆட்கள் வந்து சாட்சி சொன்னார்கள். தமிழர் வழக்கு என்று பெயரும் வைத்துவிட்டார்கள். நான் நம்பவில்லை. விசாரணை என்ற சொல்லையே நம்பாதவன் நான். தொண்ணூற்று மூன்றின் தொடக்கத்தில் விசாரணை முடிவு வந்தது, அரசாங்கமே விழுந்தது. தொலைக்காட்சிக்கு முன்னால் நானும் மனைவியும் இருந்தோம். எனக்கு அதற்குள் டேனிஷ் நன்றாக வந்துவிட்டது. ஆனாலும் பத்திரிகையை வாங்கி, ஒரு தரம், இன்னொரு தரம் என்று வாசித்தேன். குடும்பத்தைக் கூப்பிடத் தமிழர்கள் போட்ட விண்ணப்பங்களைச் சட்டத்துக்கு மாறாக, நீதி அமைச்சர் சொல்லி, தொடாமல் வைத்திருக்கிறார்கள். எழுத்துப் பிழைக்காக அல்ல. திகதிக்காக அல்ல. விளக்கில்லாத சைக்கிளுக்காகவும் அல்ல. தமிழர் என்பதற்காக.

"எல்லாற்றையுமோ?" என்றாள் மனைவி.

"எல்லாற்றையும்."

"அப்ப உங்கட கேள்விக்குறி?"

"அதுக்கு முதலே நட்சத்திரம் போட்டிட்டாங்கள்."

அந்தக் குறிகளைப் பற்றி எத்தனையோ தரம் விளக்கியிருந்தேன், அதனால் அவளுக்கு அது விளங்கியது. பெண்சாதியின் பெயர் தெரியாத மனுசன் என்று ஒவ்வொரு சண்டையிலும் அவள் எடுத்து வீசும் ஆயுதம் அன்றோடு போய்விட்டது. அவள் எழும்பிப் போய்த் தேத்தண்ணீர் வைத்தாள். எனக்கு ஆத்திரம். அதைவிடப் பெரிதாக ஒரு வெட்கம். பால் பெட்டியையும் பூச்செடியையும் சந்தேகித்த நான், சந்தேகிக்கவேண்டிய ஒன்றைக் கண்ணுக்கு முன்னால் வைத்துக்கொண்டு ஓர் எழுத்தைப் பிடித்துத் தொங்கியிருக்கிறேன்.

பிறகுதான் அண்ணையின் ஞாபகம் வந்தது. தேத்தண்ணீரைக் குடிக்காமலே சைக்கிளை எடுத்தேன். பட்டப்பகல், ஆனாலும் விளக்கைப் போட்டுக்கொண்டேன்.

மகள்தான் கதவைத் திறந்தாள். உள்ளே பார்த்து டேனிஷில் அப்பாவைக் கூப்பிட்டுவிட்டுத் தன் பாட்டில் போனாள். அண்ணை குசினி நிலத்தில் பத்திரிகைத் தாளை விரித்து, அவளுடைய சைக்கிள் சில்லைக் கழற்றி வைத்து ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். விரிந்து கிடந்தது முந்திய நாள் பத்திரிகை.

"அண்ணை, செய்தி பார்த்தனீங்களோ?"

"அரசாங்கம் விழுந்திட்டுதாம். எழும்பும்."

நான் நிலத்தில் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். தமிழரின் விண்ணப்பம் என்று கண்டதும் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள், உங்களுடைய, என்னுடைய, வைலேக்காரருக்குப் பிறகு விண்ணப்பித்த அத்தனை பேருடைய. "மூண்டோ எட்டோ, அதில ஒண்டுமில்லை அண்ணை. உங்கட பிழையில்லை. நீங்கள் எட்டெண்டு எழுதியிருந்தாலும் அது அங்கதான் கிடந்திருக்கும்."

அண்ணை சில்லைச் சுற்றுவதை நிறுத்தினார்.

"நிச்சயமோ?"

ஏர் டு ஸிக்கர். என் வாழ்க்கையில் இந்தக் கேள்விக்கு நான் ஒருநாளும் உடனே பதில் சொன்னவனில்லை.

"ஓம்," என்றேன்.

அவர் முகத்தில் ஓர் இளக்கம் வரும் என்று நான் எதிர்பார்த்தேன். எத்தனையோ வருடப் பாரத்தை இறக்கி வைக்கத்தான் இவ்வளவு வேகமாக வந்தேன். அவர் ஒட்டுத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"நான் என்ன நினைச்சனான் தெரியுமோ தம்பி? ஆரோ ஒருத்தன் அங்க இருந்து என்ர பிள்ளையின்ர பேரைப் பார்த்திருக்கிறான், அவன் பிறந்த நாளைப் பார்த்திருக்கிறான், அதிலதான் ஒரு பிழை கண்டிருக்கிறான் எண்டு. அந்த மூண்டைக் கண்டவன் பிள்ளையின்ர பேரையும் கண்டிருப்பான்தானே? இப்ப நீ சொல்லுறதைப் பார்த்தால், ஒருத்தரும் வாசிக்கவேயில்லையோ?"

நட்சத்திரம் போட்டால் இயந்திரம் பெயர்களை வாசிக்காது என்று ஆசிரியை கரட்டை மென்றுகொண்டு சொன்னது எனக்கு அப்போது கேட்டது. எனக்குச் சந்தேகம் ஒன்று வேண்டியிருந்தது. யாராவது வாசித்திருக்கலாம் என்று சொல்ல ஒரு சின்னச் சந்தேகம். தேடிப் பார்த்தேன். இல்லை.

"வாசிக்கேல்லை அண்ணை."

அவர் தலையை ஆட்டினார். பிறகு, என்னிடம் அல்ல, குசினிச் சுவரைப் பார்த்து, விண்ணப்பத்தை வாசிப்பதுபோல மகனின் பெயரைச் சொன்னார். முதலில் தன் பெயர், பிறகு அவன் பெயர், பிறகு பிறந்த வருடம், மாதம். நாளில் கொஞ்சம் நின்றார். "மூண்டாம் திகதி," என்றார். மகள் உள்ளறையில் இருந்து யாரைக் கூப்பிடுகிறீர்கள் என்று டேனிஷில் கேட்டாள். அண்ணை ஒட்டுத் துண்டைச் சில்லில் வைத்து விரலால் அழுத்தினார்.